சபையை விடாமல் டி.மின். படிக்கலாமா?

பன்னிரண்டு வருடமாகச் சபை ஊழியத்தில் இருக்கும் ஒரு போதகர் கேட்டிருக்கிறார்: "எம்.டிவ். (இறையியல் முதுநிலைப் பட்டம்) முடித்தவன். மேலே படிக்க ஆசை. பி.எச்.டி. நல்லதா, டி.மின். (டாக்டர் ஆஃப் மினிஸ்ட்ரி, ஊழியத்துக்கான டாக்டர் பட்டம்) நல்லதா? சபையைப் பார்த்துக்கொண்டே படிக்க முடியுமா? டி.மின். நிஜமான டாக்டர் பட்டம்தானா? பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்வதற்காகப் பலர் வாங்குகிறார்கள் என்கிறார்களே?"

ஐயா, நீங்கள் கடைசியில் கேட்டதிலிருந்தே தொடங்குகிறேன். ஆம், அது நிஜமான டாக்டர் பட்டம். ஆனால் பி.எச்.டி.யின் தம்பியாக அதைப் பார்த்தால் புரியாது. மருத்துவம், சட்டம், கல்வி போன்ற துறைகளில் தொழில் சார்ந்த டாக்டர் பட்டம் என்று ஒரு வகை உண்டு. கல்வித் துறைக்கான எட்.டி. பட்டத்தை ஹார்வர்ட் 1920களின் தொடக்கத்திலேயே கொடுத்தது. வேலையில் இருப்பவர் தன் வேலையையே ஆழமாக ஆராய்ந்து, அதை இன்னும் நன்றாகச் செய்யக் கற்றுக்கொள்வதுதான் அந்த வகைப் படிப்பின் நோக்கம். டி.மின். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. 1960களில் சிகாகோ, கிளேர்மாண்ட் போன்ற இடங்களில் இருந்த இறையியல் பள்ளிகள் போதகர்களுக்கென்று இப்படி ஒரு படிப்பைச் சோதித்துப் பார்த்தன. 1970 வாக்கில் அமெரிக்க, கனடா இறையியல் பள்ளிகளின் சங்கம் (இன்று ஏ.டி.எஸ். என்று அழைக்கப்படுவது) அதற்கு விதிகள் வகுத்தது. அதன்பின் உலகெங்கும் பரவியது.

பி.எச்.டி. மாணவர் இறையியல் உலகத்துக்கு இதுவரை தெரியாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ரோமர் நிருபத்தின் ஒரு பகுதியையோ, நான்காம் நூற்றாண்டுச் சபைச் சண்டை ஒன்றையோ எடுத்துக்கொண்டு மூலமொழிகளில் படித்து, அதைப் பற்றி எழுதிய எல்லாரோடும் வாதாட வேண்டும். எபிரெயு, கிரேக்கம் போக ஜெர்மனும் பிரெஞ்சும் பலருக்குத் தேவைப்படும். டி.மின். மாணவர் எடுத்துக்கொள்வது தன் ஊழியத்தில் உள்ள ஒரு சிக்கலை. அதைச் சரியாகக் கவனித்து, வேதத்தின் வெளிச்சத்தில் சிந்தித்து, ஏதாவது ஒன்றைச் செய்துபார்த்து, என்ன நடந்தது என்று நேர்மையாக எழுதித் தர வேண்டும். இறையியல் கல்லூரியில் முழுநேரப் பேராசிரியராக வேண்டும், அதிலும் வேதபாடமோ சபை வரலாறோ நடத்த வேண்டும் என்பது உங்கள் ஆசையானால் பி.எச்.டி. பக்கம் போங்கள், தயங்காதீர்கள். சபையிலோ, மருத்துவமனை ஊழியத்திலோ, மிஷன் பொறுப்பிலோ தொடர்ந்து இருக்கப்போகிறீர்கள் என்றால் டி.மின். உங்களுக்காகவே உண்டானது. நடைமுறை ஊழியம் சார்ந்த பாடங்களை நடத்த டி.மின். முடித்தவர்களையும் பல கல்லூரிகள் அழைக்கின்றன.

அப்போஸ்தலர் 18இல் அப்பொல்லோவைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் படிப்புதான் நினைவுக்கு வரும். அவர் ஏற்கெனவே பேச்சில் வல்லவர், வேதத்தில் தேறினவர், ஊழியத்தில் இருந்தவர். ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் தம்பதி அவரை ஊழியத்திலிருந்து நிறுத்திவைக்கவில்லை. தங்களோடு சேர்த்துக்கொண்டு, தெரிந்ததை இன்னும் திருத்தமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். அவர் திரும்பவும் ஊழியத்துக்கே போனார்.

சரி, என்னதான் படிக்க வேண்டியிருக்கும்? பொதுவாக எம்.டிவ். அல்லது அதற்கு ஈடான பட்டமும், அதற்குப் பின் சில வருட ஊழிய அனுபவமும் கேட்பார்கள். பல கல்லூரிகள் மூன்று வருடம் என்று வைத்திருக்கின்றன. உங்களிடம் நான்கு மடங்கு இருக்கிறது. ஏ.டி.எஸ். விதிப்படி குறைந்தது 30 கிரெடிட் (பாடங்களை அளக்கும் அலகு). மூன்று முதல் ஆறு வருடம் பிடிக்கும். வருடத்தில் ஒன்றிரண்டு முறை, ஒன்று அல்லது இரண்டு வாரம் கல்லூரியில் தங்கிப் படிப்பது வழக்கமான அமைப்பு. இப்போது பாதியை இணையவழியில் நடத்துபவர்களும் உண்டு. அந்த இரண்டு வாரத்தை மட்டும் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். போவதற்கு முன்பே படித்து முடிக்க வேண்டிய புத்தகங்கள் ஒரு கட்டு வரும். திரும்பி வந்தபின் கட்டுரைகள் எழுத வேண்டும். வகுப்பைவிட அதற்கு முன்னும் பின்னும்தான் பாரம் அதிகம்.

இந்தப் படிப்பில் நான் பெரிதாக நினைப்பது ஒன்றாகச் சேர்ந்து படிக்கும் அந்தக் குழுவை. பத்துப் பதினைந்து பேர், எல்லாரும் ஊழியர்கள், வேறு வேறு திருச்சபைகள். போதகர் தன் கஷ்டத்தைத் தன் சபையில் யாரிடமும் முழுதாகச் சொல்ல முடியாது. அங்கே சொல்லலாம். மருத்துவமனை ஊழியப் பயிற்சியிலிருந்து வந்த ஒரு பழக்கத்தைப் பல கல்லூரிகள் இதில் வைத்திருக்கின்றன. 1925 கோடையில் ஆண்டன் பாய்சன் என்ற போதகர் அமெரிக்காவின் வூஸ்டர் அரசு மனநல மருத்துவமனைக்கு நான்கு இறையியல் மாணவர்களை அழைத்துக்கொண்டு போனார். அதற்குச் சில வருடம் முன்பு அவரே மனநோயால் மருத்துவமனையில் இருந்து மீண்டவர். புத்தகங்களைப் படிப்பதுபோலவே துன்பத்தில் இருக்கும் மனிதரையும் உயிருள்ள ஏடாக எண்ணி, மரியாதையோடு படிக்க வேண்டும் என்பது அவர் நம்பிக்கை. அந்த வழியில் வளர்ந்த பயிற்சிகளில், நீங்கள் ஒருவரைச் சந்தித்துப் பேசியதை நினைவிலிருந்து வரிக்கு வரி எழுதிக் குழுவின் முன் வைப்பீர்கள். அவர் என்ன சொன்னார், நான் என்ன சொன்னேன், அப்புறம் அவர் என்ன சொன்னார் என்று.

நான் முதன்முதலில் அப்படி எழுதி வைத்தது ஒரு நோயாளியைச் சந்தித்த பத்து நிமிடத்தை. குழுவில் ஒரு சகோதரி அமைதியாகக் கேட்டார்: "அவர் மூன்று முறை பயமாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். நீங்கள் மூன்று முறையும் வசனம் சொல்லியிருக்கிறீர்கள். என்ன பயம் என்று ஏன் கேட்கவில்லை?" பதினைந்து வருட ஊழியத்தில் எனக்கு யாரும் அதைச் சொன்னதில்லை. அந்தக் கேள்விக்காகவே நான் கட்டிய முழுக் கட்டணமும் தகும் என்று இன்றும் நினைக்கிறேன்.

இனி ஆய்வுப் பகுதி. பெரும்பாலும் நூறு முதல் இருநூறு பக்கம் வரை எழுத வேண்டியிருக்கும். இதில்தான் பலர் திணறுகிறார்கள், அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

பிரின்ஸ்டனில் நடைமுறை இறையியல் கற்பித்த ரிச்சர்ட் ஆஸ்மர் இந்த வகை ஆய்வை நான்கு கேள்விகளாக வகுத்துக் காட்டினார். என்ன நடக்கிறது? ஏன் நடக்கிறது? என்ன நடக்க வேண்டும்? நாம் என்ன செய்யலாம்? பார்க்க எளிதாக இருக்கும். ஆனால் நம்மைப் போன்ற ஊழியர்கள் பெரும்பாலும் முதல் இரண்டையும் தாண்டி நேரே மூன்றாவதற்குப் போய்விடுவோம். பிரசங்கம் செய்து பழகியவர்களுக்கு என்ன நடக்க வேண்டும் என்பது உடனே வாயில் வந்துவிடும்.

ஒரு உதாரணம் வைத்துப் பார்ப்போம். துணையை இழந்த சிலர், அடக்க ஆராதனை முடிந்து நான்கைந்து மாதத்தில் சபைக்கு வருவதை நிறுத்திவிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். விசுவாசம் தளர்ந்துவிட்டது என்று போதகர் நினைக்கிறார், நம்பிக்கையைப் பற்றி நான்கு வாரம் தொடர் பிரசங்கம் வைக்கிறார். யாரும் திரும்பவில்லை. இப்போது அவர் டி.மின். மாணவர் என்றால் முதலில் போய்க் கேட்க வேண்டும். எட்டுப் பேரிடம் உட்கார்ந்து, இடைமறிக்காமல் கேட்கிறார். வேறு ஏதோ வெளியே வருகிறது. முதல் மூன்று வாரம் வீடு நிறைய ஆட்கள், அதன்பின் ஒருவரும் இல்லை. இருவராக உட்கார்ந்த இருக்கையில் தனியாக உட்கார முடியவில்லை. ஆராதனையில் எல்லாப் பாட்டும் மகிழ்ச்சிப் பாட்டு, அழுதால் மற்றவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். இவர்கள் வீட்டில் ஜெபித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். விசுவாசம் போகவில்லை, சபைக்குள் தங்கள் துக்கத்துக்கு இடம் இல்லை என்று உணர்ந்துதான் நின்றுவிட்டார்கள்.

ஏன் இப்படி என்று அடுத்துப் படிக்கிறார். துக்கத்தைப் பற்றிய உளவியல் ஆய்வுகள், சபைகள் எப்படித் துக்கத்தைக் கையாள்கின்றன என்ற ஆய்வுகள். பிறகு வேதத்துக்கு வருகிறார், இப்போது வேறு கண்ணோடு. சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல் வகை. சங்கீதம் 88 ஆறுதல் வார்த்தை ஒன்றும் இல்லாமலே முடிகிறது, அப்படியிருந்தும் அது ஜெபமாக வேதத்தில் இடம்பெற்றிருக்கிறது. லாசருவின் கல்லறைக்குப் போகும்போது இயேசு அழுதார். தன் சபை ஆராதனையில் இதற்கெல்லாம் இடம் எங்கே என்று போதகர் தன்னையே கேட்கிறார். கடைசியாகச் செயல். ஆறு பேரைப் பயிற்றுவித்து, மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், வருட நினைவு நாள் என்று சந்திப்புகளை ஒழுங்கு செய்கிறார். மாதம் ஒரு ஆராதனையில் புலம்பல் சங்கீதம் ஒன்றை வாசிக்கிறார். ஒரு வருடம் கழித்து அதே மனிதர்களிடம் மறுபடி போய்க் கேட்கிறார். சிலருக்கு உதவியிருக்கும், சிலருக்கு உதவியிருக்காது. உதவாததையும் எழுத வேண்டும். தோல்வியைக் கூர்மையாக ஆராய்ந்து எழுதிய ஆய்வேடு, எல்லாம் வெற்றி என்று எழுதியதைவிட நல்ல ஆய்வேடு. தேர்வாளர்களுக்கு அது தெரியும்.

இவ்வளவும் எட்டுப் பேர், ஒரு சபை, ஒரு சிக்கல். தலைப்பு அவ்வளவு சின்னதாகத்தான் இருக்க வேண்டும். "இளைஞர்கள் ஏன் சபையை விட்டுப் போகிறார்கள்", "சபை வளர்ச்சிக்கான வழிகள்" என்று தலைப்போடு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது எந்த இளைஞர்கள், எந்த வருடம், யாரிடம் கேட்டீர்கள் என்பதுதான். நானும் அப்படித்தான் தலைமைத்துவம் என்று ஒரு பெரிய சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒன்றரை வருடம் அலைந்தேன். மூப்பர் கூட்டத்தில் ஏன் இரண்டே பேர் பேசுகிறார்கள் என்ற கேள்விக்கு அதை என் வழிகாட்டி வெட்டிக் குறுக்கிய பிறகுதான் எழுத முடிந்தது.

இன்னொரு தவறையும் சொல்லிவிடுகிறேன், ஆய்வேடுகளைத் திருத்தும்போது அடிக்கடி பார்ப்பது. வேத, இறையியல் அடிப்படையைப் பேசும் அதிகாரம் தனிப் பிரசங்கமாக நின்றுவிடும். நாற்பது பக்கம் அழகான வேத விளக்கம், ஆனால் அடுத்த அதிகாரத்தில் எடுத்த முடிவுகளில் அதன் சாயலே இருக்காது. அந்த அதிகாரத்தை எடுத்துவிட்டாலும் செயல்திட்டம் அப்படியே நிற்கும் என்றால், அது இன்னும் எழுதப்படவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

சபையிலேயே ஆய்வு செய்வதில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. நீங்கள் அவர்களுடைய போதகர். அவர்கள் வீட்டுக் கல்யாணத்தை நடத்தியவர், பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர். நீங்கள் படிவத்தை நீட்டி "என் பிரசங்கம் உங்களுக்கு உதவியதா" என்று கேட்டால் என்ன பதில் வரும்? உங்களுக்குப் பிடித்த பதில்தான் வரும். அதனால் சில பேட்டிகளை வேறொருவர் எடுக்க வேண்டும், பெயர் எழுதாத படிவம் வேண்டும், வேண்டாம் என்று சொல்லும் உரிமை உண்மையிலேயே இருக்க வேண்டும். எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும், எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்பதையும் அதில் எழுத வேண்டும். நல்ல கல்லூரிகளில் இதையெல்லாம் ஒரு நெறிமுறைக் குழு பார்த்து அனுமதித்த பின்தான் ஒரு பேட்டிகூட எடுக்க விடுவார்கள்.

ஆலோசனைக்கு வந்தவர் உங்களை நம்பிச் சொன்னது ஆய்வுக்குள் வரவே கூடாது. பெயரை மாற்றினால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. போதாது. ஐம்பது குடும்பங்கள் உள்ள சபையில் "பாடகர் குழுவில் உள்ள, இரண்டு பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் விதவை" என்று எழுதினால் பெயர் இல்லாமலே எல்லாருக்கும் யார் என்று தெரிந்துவிடும். அந்த அம்மா அதை ஒருநாள் வாசிப்பார் என்று நினைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியையும் எழுதுங்கள்.

சபையைப் பார்த்துக்கொண்டே படிக்க முடியுமா என்று கேட்டீர்கள். முடியும், ஆனால் சபைக்குத் தெரியாமல் முடியாது. விண்ணப்பிப்பதற்கு முன்பே மூப்பர்களிடமோ சபைக் குழுவிடமோ பேசுங்கள். வருடத்தில் எத்தனை வாரம் வெளியே இருப்பீர்கள், அந்த ஞாயிறுகளில் யார் பிரசங்கிப்பார்கள், வாரத்தில் எந்த ஒரு நாள் படிப்புக்கு என்பதை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியம், இந்த ஆய்வு சபைக்கும் உரியது என்று அவர்கள் உணர வேண்டும். நாலைந்து விசுவாசிகளை ஆலோசனைக் குழுவாக வைத்துக்கொள்ளும்படி சில கல்லூரிகளே சொல்கின்றன. சொல்லாவிட்டாலும் வையுங்கள். வீட்டிலும் இதே பேச்சு வேண்டும். ஊழியரின் குடும்பம் ஏற்கெனவே நிறையப் பொறுத்துக்கொண்டிருக்கிறது. படிப்புக்கான நேரத்தைச் சபை வேலையிலிருந்து எடுக்கிறோமா, பிள்ளைகளின் நேரத்திலிருந்து எடுக்கிறோமா என்பதை முதலிலேயே வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். நான் இரண்டாவதைச் செய்தேன், அந்த வருடங்களை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

வகுப்புகள் முடிந்து ஆய்வு தொடங்கும் இடம்தான் வழுக்கும் இடம். அதுவரை குழு இருக்கும், தேதி இருக்கும், பேராசிரியர் கேட்பார். திடீரென்று எல்லாம் நின்று நீங்களும் கணினியும் மட்டும் இருப்பீர்கள். அப்போது சபையில் ஒரு கட்டட வேலை வரும், ஒரு பிரச்சினை வரும், ஒரு வருடம் போய்விடும். இதற்கு எனக்குத் தெரிந்த ஒரே மருந்து, முதல் வகுப்பிலேயே தலைப்பை ஓரளவு முடிவு செய்து, ஒவ்வொரு கட்டுரையையும் அந்தத் தலைப்பை நோக்கியே எழுதுவது. ஆய்வுக் காலத்தில் கையில் பாதி அதிகாரங்கள் இருக்கும்.

இடமாற்றம் உள்ள திருச்சபையில் இருக்கிறீர்களா? அப்படியானால் கல்லூரியிடம் முதலிலேயே கேளுங்கள்: ஆய்வின் நடுவில் என்னை வேறு சபைக்கு அனுப்பினால் என்ன செய்வீர்கள்? நல்ல கல்லூரியிடம் இதற்குத் தெளிவான பதில் இருக்கும். எனக்கு வழிகாட்டப்போவது யார், அவர் சபை ஊழியம் செய்தவரா, சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள், தூரத்திலிருந்து நூலகத்தை எப்படிப் பயன்படுத்துவது என்பதையும் கேளுங்கள். முடித்தவர் இருவரிடம் நேரில் பேசாமல் எங்கும் பணம் கட்டாதீர்கள்.

போலிகளைப் பற்றி நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. கௌரவ டாக்டர் பட்டம் என்பது வேறு, அது ஒருவருடைய சேவையை மதித்துப் பல்கலைக்கழகங்கள் தருவது, படித்து வாங்கியது போல அதைக் காட்டுவதுதான் தவறு. ஆறு மாதத்தில் டி.மின்., ஊழிய அனுபவத்துக்கே பட்டம், ஆய்வேடு தேவையில்லை என்று வரும் அழைப்புகளைத் திறந்துகூடப் பார்க்க வேண்டாம். அங்கீகாரம் உண்டா என்பதைக் கல்லூரியின் விளம்பரத்தில் பார்க்காமல், அங்கீகாரம் தரும் அமைப்பின் பட்டியலில் பாருங்கள். வட அமெரிக்கக் கல்லூரிகளுக்கு ஏ.டி.எஸ். பட்டியல், ஆசியாவில் 1970இல் தொடங்கிய ஆசிய இறையியல் சங்கத்தின் பட்டியல் என்று பொதுவில் கிடைக்கின்றன. அங்கீகாரம் தரும் அமைப்பே போலியாக இருப்பதும் உண்டு, அதனால் அந்த அமைப்பை யார் ஏற்றிருக்கிறார்கள் என்பதையும் ஒரு படி மேலே போய்ப் பாருங்கள். உங்கள் திருச்சபை எந்தப் பட்டத்தை ஏற்கும் என்பதைத் தலைமை அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

இவ்வளவுக்கும் முன்னால் ஒன்று செய்யுங்கள். விண்ணப்பப் படிவத்தை இப்போது தொட வேண்டாம். ஒரு நோட்டு வாங்கி, மூன்று மாதம், ஒவ்வொரு ஞாயிறு இரவும் அந்த வாரம் ஊழியத்தில் உங்களுக்குப் புரியாமல் போனது எது என்று மட்டும் எழுதுங்கள். பதில் எழுத வேண்டாம். மூன்று மாதம் கழித்து வாசித்தால் ஒரே கேள்வி நான்கைந்து வேடத்தில் திரும்பத் திரும்ப வந்திருப்பது தெரியும். அந்தக் கேள்வியை அரைப் பக்கத்தில் எழுதி எனக்கு அனுப்புங்கள். அதற்கு எந்தக் கல்லூரி, எந்த வழிகாட்டி பொருந்துவார் என்று சேர்ந்து பார்க்கலாம்.